வெண்கலத்தின் நோயும் பத்தாம் வகுப்பு வேதியியலும்

1851-இல் தொடங்கப்பட்ட சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் படிமக்கூடத்துக்குப் பள்ளி மாணவர்கள் பெரும்பாலும் வரலாற்றுப் பாடத்துக்காகவே அழைத்துவரப்படுகிறார்கள். எந்த மன்னர் காலம், எந்த ஊரில் கிடைத்தது என்பதைக் குறித்துக்கொண்டு அடுத்த கூடத்துக்கு நகர்ந்துவிடுகிறார்கள். அங்குள்ள செப்புத்திருமேனிகளில் பல, நூற்றாண்டுக் கணக்கில் மண்ணுக்குள் கிடந்து, உழும்போதோ அடித்தளம் தோண்டும்போதோ வெளிப்பட்டவை. மண்ணுக்குள் அவற்றில் தொடங்கிய வேதிவினை, கண்ணாடிப் பெட்டிக்குள் வந்த பிறகும் தொடரக்கூடியது என்பதால், உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு அந்தக் கூடம் ஓர் அரிய வேதியியல் வகுப்பாகவும் அமையும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வெண்கலம் என்பது தாமிரத்துடன் வெள்ளீயமும், பல படிமங்களில் காரீயமும் சேர்ந்த உலோகக்கலவை. மண்ணின் ஈரத்தில் கரைந்திருக்கும் உப்பிலிருந்து குளோரைடு அயனிகள் மெல்ல உலோகத்தை அடைந்து, மேலே படிந்த பச்சைப் படலத்துக்கு அடியில் குப்ரஸ் குளோரைடு என்னும் சேர்மமாகத் தங்கிவிடுகின்றன. ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் அது பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். படிமம் வெளியே வந்ததும் காற்றின் ஆக்சிஜனும் ஈரப்பதமும் விரிசல்கள் வழியே உள்ளே செல்ல, குப்ரஸ் குளோரைடு வெளிர்பச்சைத் தூளான கார தாமிரக் குளோரைடாக மாறுகிறது. அப்போது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகிறது. அந்த அமிலம் அருகிலுள்ள தாமிரத்தை அரித்து மீண்டும் குப்ரஸ் குளோரைடை உருவாக்க, சுழற்சி முதலிலிருந்து தொடங்குகிறது. குளோரைடு இதில் செலவாகித் தீர்வதில்லை என்பதுதான் இந்த வினையின் கொடுமை. தூள் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்வதால் மேற்படலம் உடைந்து, நுண்ணிய வேலைப்பாடுகளும் அதனுடன் உதிர்கின்றன. கிருமி எதுவும் இல்லாவிட்டாலும், பரவும் தன்மையால் இதற்கு ‘வெண்கல நோய்’ என்றே பெயர்.

பச்சையாக இருப்பதெல்லாம் நோயல்ல. கார தாமிரக் கார்பனேட்டால் ஆன கெட்டியான பச்சைப் படலம், உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும் கவசம். நோயின் தடம், விரல் பட்டாலே உதிரும் வெளிர்பச்சைத் தூளாகப் புள்ளி புள்ளியாகத் தோன்றும். ஒரு கைலென்சு கொடுத்தால் மாணவர்களே இரண்டையும் பிரித்தறிந்துவிடுவார்கள். வீட்டுச் செப்புக்குடத்தைப் புளி போட்டுத் தேய்ப்பதுபோல் இதையும் தேய்த்தால் என்ன என்று யாரேனும் கேட்பார்கள், கேட்க வேண்டும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் காக்கும் படலத்தைக் கரைத்துவிடும். குழிகளின் அடியில் ஒளிந்திருக்கும் குளோரைடையோ முழுமையாக அகற்றாது.

இந்த அருங்காட்சியகத்தில் 1930-களிலேயே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இயங்கியது. அங்குப் பணியாற்றிய எஸ். பரமசிவன் நோயுற்ற படிமங்களை மின்னாற்பகுப்பு முறையில் மீட்டெடுத்தார். படிமத்தை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரக் கரைசலில் அமிழ்த்தி, மின்கலத்தின் எதிர்முனையோடு இணைப்பார்கள். இரும்புத் தகடு நேர்மின்வாயாக அமையும். மின்சாரம் பாயும்போது, படிமத்தின் மீதுள்ள தாமிரச் சேர்மங்கள் ஒடுக்கமடைய, விடுபட்ட குளோரைடு அயனிகள் நேர்மின்வாயை நோக்கிக் கரைசலுக்குள் வந்துவிடும். பிறகு வாலை வடிநீரில் படிமத்தைத் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும்.

குளோரைடு முழுதும் வெளியேறிவிட்டதா என்று அறியும் சோதனை பத்தாம் வகுப்பு மாணவருக்குப் பழக்கமானதே. கழுவிய நீரில் சில துளி சில்வர் நைட்ரேட் விட்டால், குளோரைடு இருக்குமானால் வெண்ணிற வீழ்படிவு தோன்றும். ஆனால் பாடநூலில் ஒரே வரியில் முடியும் இந்தச் சோதனையில், நடைமுறையில் இரண்டு கண்ணிகள் உண்டு. நீரில் காரம் எஞ்சியிருந்தால் அதுவும் சில்வருடன் வீழ்படிவைத் தரும் என்பதால், முதலில் நைட்ரிக் அமிலம் சேர்த்தாக வேண்டும். குழாய்நீரில் குளோரைடு ஏற்கெனவே இருக்கும் என்பதால், அதில் கழுவினால் சோதனை ஒருபோதும் முடிவுக்கு வராது. உண்மையான ஒரு பொருளுக்காகச் செய்யும்போதுதான் இத்தகைய நுட்பங்களுக்கான காரணம் மாணவருக்குப் பிடிபடுகிறது.

மின்னாற்பகுப்பு பழைய படலத்தையும் அகற்றிவிடும் என்பதால், இப்போது அது அளவோடுதான் பயன்படுத்தப்படுகிறது. சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசலில் மாதக்கணக்கில் ஊறவைப்பதும், பென்சோடிரையசோல் பூசி உலோகத்தின் மேல் மெல்லிய காப்புப் படலம் உண்டாக்குவதும் வேறு வழிகள். எந்த வழியைக் கையாண்டாலும், சுற்றியுள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதத்தை ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்குக் கீழே வைத்தால்தான் நோய் மீளாதிருக்கும். கடலோரச் சென்னையில் அது 70 விழுக்காட்டையும் அடிக்கடி தாண்டும்.

ஆகவே அருங்காட்சியகங்கள் பெட்டிக்குள் ஓர் ஈரப்பதமானியை வெளியிலிருந்து படிக்கும்படி வைக்கலாம். நோயுற்ற பழைய செப்புக்காசு ஒன்றையும் குணமான மற்றொன்றையும் அருகருகே காட்டலாம். உப்புநீரில் நனைத்த செப்புத் தகடுகளுள் ஒன்றைச் சிலிக்கா ஜெல் இட்ட மூடிய புட்டியிலும், மற்றொன்றை ஈரப்பஞ்சு வைத்த புட்டியிலும் இட்டு, மாணவர்கள் தம் பள்ளியிலேயே சில வாரங்கள் கவனிக்கலாம். பிறகு அவர்களிடம் கேட்க ஒரு கேள்வி உண்டு: ஒரு படிமத்தின் அணிகலன்கள் கெட்டியான பச்சைப் படலத்துக்கு அடியில் மறைந்திருந்தால், அவற்றைக் காண்பதற்காக அந்தப் படலத்தை நீக்கலாமா? பாதுகாப்பு வேதியியலாளர்கள் ஒவ்வொரு படிமத்துக்கும் இதைத் தனித்தனியாகவே முடிவு செய்கிறார்கள்.