செவரன்ஸ் பே வேற, பணிக்கொடை வேற

தெரிஞ்சவர் ஒருத்தர் ஒரு மொழிபெயர்ப்பை அனுப்பி, "சும்மா ஒரு பார்வை பாத்துக் குடுங்க"ன்னார். தலைப்பு இதுதான்: "நிர்வாகத் துண்டிப்புப் பதிவுகளுக்கான பொது அணுகல்". கரன்ட் கட்டு பத்தி ஏதோ சர்க்குலர்னு நெனச்சேன். ரெண்டாவது பாராவுக்கு வந்தப்புறம்தான் விஷயமே புரிஞ்சுது, அரசு சார்ந்த அமைப்புகள்ல பெரிய பதவியில இருந்தவங்களை பாதியில அனுப்பும்போது கையில எவ்வளவு குடுத்து அனுப்புறாங்க, அந்தக் காகிதங்களை ஜனங்க கேட்டு வாங்கிப் பாக்க முடியுமாங்குறதுதான் மொத்தக் கட்டுரையும். இதுல துண்டிப்பு எங்கேருந்து வந்துச்சு? அப்படிக் குடுக்குற காசுக்கு இங்கிலீஷ்ல செவரன்ஸ் பேன்னு பேர், அந்த செவரன்ஸ்ல இருந்து வந்துச்சு. அகராதியில முதல் அர்த்தம் என்ன போட்டிருக்கோ அதை அப்படியே தூக்கி வச்சுட்டார் மனுஷன்.

சொல்லோட பூர்வீகத்தை வேகமா சொல்லிடுறேன். லத்தீன்ல செபராரேன்னா பிரிக்கிறது, அது பழைய பிரெஞ்சுல செவ்ரேன்னு தேஞ்சு, அங்கேருந்து இங்கிலீஷுக்கு வந்து செவரன்ஸ் ஆச்சு. செப்பரேட்டும் இதுக்குக் கூடப்பொறந்ததுதான். இதுல ஒரு வேடிக்கை, இன்னிக்கும் பிரெஞ்சுல செவ்ரேன்னா குழந்தைக்குப் பால் மறக்கடிக்கிறது. பொது அமைப்புகள்ல நடக்குறது என்னவோ பால் மறக்கடிக்கிற அன்னிக்கு ஒரு குடம் பாலைக் கையில குடுத்து அனுப்புற கதைதான், அது கிடக்கட்டும்.

துண்டிப்பு ஊதியம்னு எழுதுறவங்க மேல எனக்குப் பெரிய கோபம் இல்ல, படிச்சதும் யாருக்கும் புரியாது, அதனாலயே நிக்காது. பிரிவினை ஊதியம்னும் பாத்திருக்கேன், அதைப் படிச்சா நாட்டையோ சொத்தையோ பிரிச்சுக் குடுத்ததுக்கு வாங்குன கூலி மாதிரி இருக்கு. பிரிவுத் தொகைன்னா எந்தப் பிரிவு, சட்டப் பிரிவா, ஆபீஸ்ல 'அ' பிரிவான்னு கேக்கத் தோணும். இதெல்லாம் சிரிச்சுட்டுப் போயிடலாம்.

எனக்கு ஆகாதது பணிக்கொடைதான். ஏன்னா அது நல்ல தமிழ், காதுக்குப் பழகுன சொல், வாக்கியத்துல கச்சிதமா உக்காரும், யாரும் சந்தேகப்படவே மாட்டாங்க, ஆனா தப்பு. பணிக்கொடைங்குறது கிராஜுவிட்டிக்குன்னு எப்பவோ பட்டா போட்டுக் குடுத்தாச்சு. கிராஜுவிட்டியோட லத்தீன் வேரும் மனமுவந்து குடுக்குறதுங்குற பொருள்தான், கொடைங்குற சொல் அதுக்கு அளவெடுத்துத் தச்சது மாதிரி பொருந்துது. இத்தனை வருஷம் உழைச்சதுக்குன்னு விதிப்படி கணக்குப் போட்டு வர்ற காசு அது. இந்தியாவுல 1972ல வந்த சட்டம் வருஷத்துக்கு 15 நாள் சம்பளம்னு கணக்கு வச்சது, பொதுவா 5 வருஷமாவது வேலை பாத்திருக்கணும்னும் சொன்னது. ஒருத்தர் நிம்மதியா ரிட்டையர் ஆனாலும் அது வரும். செவரன்ஸ் அப்படி இல்ல, வேலையோ ஒப்பந்தமோ பாதியில அறுந்து போனதுக்காக, அந்த அறுந்ததுக்காக மட்டுமே குடுக்குறது. ரிட்டையர் வயசு முடிஞ்சு மாலை போட்டு அனுப்புறவங்களுக்கு செவரன்ஸ் கிடையாது.

இதே 15 நாள் கணக்கு ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கும் இந்தியச் சட்டத்துல இருந்ததால ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுட்டாங்களோ என்னவோ. ஆனா பாருங்க, அங்கேயே இழப்பீடுன்னு சரியான சொல் உக்காந்திருக்கு, அதை விட்டுட்டு பக்கத்து வீட்டுச் சொல்லைக் கடன் வாங்குறாங்க.

இவ்வளவு மல்லுக்கட்டணுமா, என்ன சொன்னா என்ன, காசு காசுதானேன்னு கேக்கலாம். நீங்க ஒரு பொது அமைப்புக்கு மனு எழுதி "முன்னாள் தலைமை அதிகாரிக்கு வழங்கிய பணிக்கொடை எவ்வளவு"ன்னு கேட்டா, அவங்க விதிப்படியான கிராஜுவிட்டித் தொகையை ரூபா பைசா சுத்தமா எழுதி அனுப்பிடுவாங்க. பதில்ல பொய்யே இருக்காது. அதுக்கு மேல ஒப்பந்தம் போட்டு தனியா ஒரு பெரிய தொகை குடுத்திருந்தா அது அந்தப் பதில்ல வராது, ஏன்னா நீங்க அதைக் கேக்கவே இல்ல.

எவ்வளவு நுணுக்கமா பிரிச்சுப் பாக்க வேண்டியிருக்குன்னு தெரியணும்னா பிரிட்டனோட பொது ஒளிபரப்பு நிறுவனமான பிபிசி கதையைப் பாருங்க. 2012ல ஜார்ஜ் என்ட்விசில் டைரக்டர் ஜெனரலா, அதாவது அங்க தலைமைப் பதவியில, 54 நாள்தான் இருந்தார், விலகும்போது 4,50,000 பவுண்டு குடுத்தாங்க. அது அவரோட ஒரு வருஷ சம்பளம். தானா விலகினா ஒப்பந்தப்படி கிடைக்க வேண்டியது ஆறு மாச சம்பளம், 2,25,000. ஆக ஒரே செக்குல பாதி கடமைக்குக் குடுத்தது, பாதி சீக்கிரம் பேசி முடிச்சாப் போதும்னு குடுத்தது. சண்டையே இந்த ரெண்டாவது பாதி மேலதான் வந்துச்சு. அடுத்த வருஷம் அங்க இருக்குற தேசியத் தணிக்கை அலுவலகம் நோண்டிப் பாத்தா, 2012 டிசம்பர் வரைக்குமான 3 வருஷத்துல 150 மூத்த மேலாளர்களுக்கு 2.5 கோடி பவுண்டு போயிருக்கு, ஆழமா பாத்த 60 பேர்ல 14 பேருக்கு ஒப்பந்தத்துல இருந்ததை விடவே அதிகம். இது அத்தனைக்கும் மேல பணிக்கொடைன்னு ஒரு போர்வையைப் போத்திட்டா எதுக்குத் தணிக்கை, எதுக்குக் கேள்வி? கொடை குடுத்தவனை யாராவது கணக்குக் கேப்பாங்களா?

சரி, வேற என்ன சொல்லலாம்? முதல்ல எனக்குப் பணிமுறிவுத் தொகைதான் புடிச்சிருந்தது, மணமுறிவு மாதிரி ஒரு அழகு இருக்கு. ஆனா சர்வீஸ்ல இடைவெளி விழுந்தா அதையும் பணிமுறிவுன்னே சொல்றாங்க, குழப்பம். பணிநீக்க இழப்பீடு கிட்டத்தட்ட சரி, ஆனா நீக்கம்னாலே ஏதோ தப்பு பண்ணி மாட்டுன வாடை வரும், பெரிய பதவிக்காரங்களை யாரும் நீக்குறதில்லையே, எல்லாரும் "பரஸ்பர ஒப்புதலோட" விலகுறவங்கதான். பேச்சுல நாம சொல்ற "செட்டில் பண்ணி அனுப்பிட்டாங்க", "கணக்குத் தீத்துட்டாங்க" உயிரோட்டமான தமிழ்தான், ஆனா அதுல பாக்கி சம்பளம், லீவு சம்பளம், பிஎஃப் எல்லாம் சேந்து வந்துடும்.

நான் எழுதுறது பணியிழப்பீடு. பணியிழப்பு, அதுக்கு ஈடு, அவ்வளவுதான். படிச்ச உடனே புரியும், விளக்கம் வேண்டாம். இது ஒண்ணும் என் மண்டையில உதிச்சதும் இல்ல, இந்தியக் கம்பெனிச் சட்டம் 2013ல 202ஆவது பிரிவு பேசுறதே பதவி இழப்புக்கான இழப்பீடு பத்தித்தான், பிரிட்டன் கம்பெனிச் சட்டத்துலயும் பதவி இழப்புக்கான தொகைன்னுதான் இருக்கு. சட்டம் எழுதுனவங்களே துண்டிப்பை விட்டுட்டு இழப்பைப் பிடிச்சப்போ நமக்கென்ன? 54 நாள் உக்காந்துட்டு ஒரு வருஷ சம்பளத்தோட போறவருக்கு என்னய்யா இழப்புன்னு ஒரு நண்பர் கேட்டார். நியாயம்தான். ஆனா அந்தக் கேள்வியைக் கேக்க வைக்கிற சொல்லுங்குறதாலயே எனக்கு இது இன்னும் புடிக்குது.

தலைப்புல இருந்த மத்த ரெண்டையும் விடக் கூடாது. "பொது அணுகல்"னா என்ன? அணுகுறதுன்னா கிட்டப் போறது. ஜனங்க கிட்டப் போய் நின்னு என்ன பண்ண, காகிதத்தைக் கையில வாங்கிப் படிக்கணும், நகல் எடுக்கணும். பார்க்கும் உரிமைன்னு எழுதுனா கை தேஞ்சா போயிடும்? அப்புறம் "பதிவுகள்". இப்ப நெட்ல போடுறது எல்லாமே பதிவுதான், இங்க வேண்டியது ஆவணங்கள்: வேலையில சேந்தப்போ போட்ட ஒப்பந்தம், போகும்போது போட்ட ஒப்பந்தம், அதுக்கு ஒப்புதல் குடுத்த போர்டு கூட்டத்தோட குறிப்பு, பணம் போன கணக்கு. கலிஃபோர்னியாவுல உள்ளாட்சி அமைப்புகளோட ஒப்பந்தங்கள்ல இந்தத் தொகை 18 மாச சம்பளத்தைத் தாண்டக் கூடாதுன்னு வரம்பு இருக்கு, அந்த ஒப்பந்தத்தை யார் கேட்டாலும் காட்டணும்னும் சட்டம் இருக்கு. இதைத் தமிழ்ல எழுதுறப்போ "துண்டிப்புப் பதிவுகளை அணுகலாம்"னு போட்டா படிக்கிறவன் அடுத்த பக்கத்துக்குப் போயிடுவான்.

தலைப்பை "உயரதிகாரிகளின் பணியிழப்பீடு: ஆவணங்களைப் பார்க்க மக்களுக்கு உள்ள உரிமை"ன்னு மாத்தி அனுப்புனேன். சாயங்காலம் பதில் வந்துச்சு. தலைப்பு நீளமா இருக்காம், அதனால துண்டிப்பை எடுத்துட்டு "நிர்வாகப் பணிக்கொடைப் பதிவுகள்"னு சுருக்கிட்டாராம்.