மன்னிப்புக்கும் விடுதலைப் பத்திரத்துக்கும் என்ன சம்பந்தம்?

பாறசாலை, வெள்ளறடை, களியக்காவிளை பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் சொத்துத் தகராறு பெரும்பாலும் அப்பாவின் நினைவு ஜெபம் முடிந்த கையோடு தலைகாட்டும். பந்தல்காரர் நாற்காலி அடுக்கிக்கொண்டிருக்கும்போதே மூத்த மாமா ஒருவர் மகளைத் தனியே கூப்பிடுவார். "மக்ளே, உன்னைக் கெட்டிக் குடுக்கும்போதே எல்லாம் தந்தாச்சு. அண்ணன்மேல மனசுல ஒண்ணும் வைக்காத. ஏசப்பா நம்மள மன்னிச்ச மாதிரி நீயும் மன்னிச்சு, ஒரு கையெழுத்தப் போட்டுக் குடு." இந்தக் கேரள-தமிழ்நாடு எல்லையின் இரண்டு பக்கமும் குடும்ப வழக்குகளைப் பார்க்கிற வழக்கறிஞர் நான், மத்தியஸ்தத்துக்கும் உட்காருகிறேன். ஆளும் வீடும் மாறினாலும் இந்தப் பேச்சு மாறுவதில்லை.

நானும் சபையில் வளர்ந்தவள்தான். மன்னிக்காதே என்று எந்தக் கட்சிக்காரரிடமும் சொல்லமாட்டேன். ஆனால் மன்னிப்பு மனசில் நடப்பது. கையெழுத்து, அதாவது தன் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம், சார்பதிவாளர் முன்னால் நடப்பது. முதலாவதை வேதம் எல்லாரிடமும் கேட்கிறது. இரண்டாவதை மகள்களிடம் கேட்பது மாமாக்கள்தான்.

சட்டம் சுருக்கமாக இது. பழைய திருவிதாங்கூரில் 1916-இல் வந்த கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் மகனுக்குக் கிடைப்பதில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. சீதனம் வாங்கியிருந்தால் அதுவும் இல்லை. சில பிரிவினருக்கு மட்டும் வழக்கத்தின்படி விலக்கு இருந்தது. கேரளக் கிறிஸ்தவப் பெண்மணி மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்சநீதிமன்றம், அந்தச் சட்டம் 1951-லேயே செயலிழந்துவிட்டது, 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று தீர்ப்புச் சொன்னது. அதன்படி உயில் இல்லாதபோது மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதியில் மகனும் மகளும் சமம். கல்யாணத்தில் நகை போட்டதால் மகளின் பங்கு போய்விடாது. தீர்ப்பு வந்து இத்தனை வருடமாகியும் 'கெட்டிக் குடுத்த பிள்ளைக்கு வீதம் இல்ல' என்ற பேச்சு மட்டும் நிற்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் 'அப்பா சொத்தில் எனக்கு உரிமை இல்லை' என்று எழுதி வாங்கிவைத்த தாளை அண்ணன்மார் பத்திரமாக எடுத்துவருவது உண்டு. தகப்பன் உயிரோடு இருக்கும்போது பிள்ளைக்கு இருப்பது வெறும் எதிர்பார்ப்புதான். 1882-ஆம் வருடச் சொத்துரிமை மாற்றச் சட்டப்படி அதை யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. ஈடாகப் பணமோ நிலமோ வாங்கியிருந்தால் மட்டும் சிக்கல் வரலாம்; அப்போது தாளோடு வழக்கறிஞரைப் பாருங்கள்.

எல்லைப் பகுதிக்கென்றே ஒரு தொல்லை உண்டு. கேரளப் பக்கம் பிரமாணம், அதாவது பத்திரம், மலையாளத்தில் எழுதுவது வழக்கம். தமிழ்ப் பள்ளியில் படித்து மார்த்தாண்டம் பக்கம் வாக்கப்பட்ட தங்கச்சி, பேச்சு மலையாளம் தெரிந்தாலும் பத்திர மலையாளத்தை வாசிக்க மாட்டாள். 'அம்மா பேருக்கு மாத்தத்தான்' என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஏமாற்றியோ வற்புறுத்தியோ வாங்கிய பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். விஷயம் தெரிந்ததிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போடவேண்டும். 'ஜெபம் பண்ணிக் காத்திருப்போம்' என்று இருந்தவர்களுக்குப் பலமுறை இந்தக் கெடு தாண்டிவிடுகிறது. காத்திருப்பது விசுவாசம்தான். ஆனால் காலவரம்புச் சட்டத்துக்கு அது தெரியாது.

சகோதரன்மேல் வழக்குப் போடலாமா என்று கேட்டு 1 கொரிந்தியர் 6-ஐ நீட்டுவார்கள். அந்த அதிகாரத்தை முழுக்க வாசிக்கச் சொல்வேன். அநியாயத்தைச் சகித்துக்கொள்ளக்கூடாதா என்று பவுல் கேட்பது உண்மை. ஆனால் சகோதரருக்குள் வழக்குத் தீர்க்க உங்களில் ஒரு விவேகி இல்லையா என்று அதற்கு முன்பே கேட்டுவிடுகிறார். அதோடு, நீங்களே அநியாயம் செய்கிறீர்கள், அதையும் சகோதரருக்கே செய்கிறீர்கள் என்று அடுத்த வசனத்தில் கண்டிக்கிறார். அந்த வசனத்தை அண்ணன்மாருக்கு யாரும் வாசித்துக்காட்டி நான் கேட்டதில்லை.

எண்ணாகமம் 27-இல் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேக்கும் ஆசாரியனுக்கும் சபையார் எல்லாருக்கும் முன்னால் நின்று தகப்பன் பங்கைக் கேட்டார்கள். அவர்கள் பேசுவது சரி என்று சொன்னவர் கர்த்தர். ஒரு மத்தியஸ்தத்தில் பெரியவர் ஒருவர் உடனே 36-ஆம் அதிகாரத்தைத் திருப்பினார். நல்ல வாசிப்புதான். ஆனால் அதில் உள்ள நிபந்தனை கோத்திரத்துக்குள் கல்யாணம் செய்யவேண்டும் என்பது. பங்கை விட்டுக்கொடுக்கவேண்டும் என்பதல்ல.

அண்ணன் பக்கத்து நியாயத்தையும் கேட்கவேண்டும். அப்பாவின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரி செலவு பார்த்தவன் அவன். ரப்பர் விலை விழுந்தபோதும் கூட்டுறவு வங்கிக் கடனை அடைத்தவன். வெளியூரில் இருந்த தங்கச்சிக்கு அந்தத் தொகை தெரியாது. தெரிந்துகொள்ளக் கேட்டதும் இல்லை. 'நான் செத்துப் பாடுபட்டேன், இவளுக்குப் பாதியா?' என்ற கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அதனால் என் அறையில் முதலில் கணக்குத்தாள்தான். யார் என்ன செலவழித்தார், தோட்ட வருமானம் எங்கே போனது என்று இருவரும் எழுதட்டும். அதன்பிறகு ஜெபிக்கட்டும். கணக்கு தெரியாமல் அழுது கட்டிப்பிடித்துப் போன குடும்பங்கள் அடுத்த கிறிஸ்துமஸுக்குள் திரும்பி வந்துவிடுகின்றன.

கணக்கு தெரிந்தபிறகு, 'என் பங்கு இவ்வளவு, அதில் வீட்டடி அண்ணனுக்கே இருக்கட்டும்' என்று ஒரு தங்கை தானாகச் சொன்னால், அதை நான் தடுப்பதில்லை. தன்னிடம் இருப்பது எவ்வளவு என்று தெரிந்தவள் கொடுப்பது அது. வழக்கு நடக்கும்போதே அண்ணன் மகள் கல்யாணத்துக்கு முதல் ஆளாகப் போய் வேலை செய்த பெண்ணையும் எனக்குத் தெரியும். 'வழக்கு வக்கீல்கிட்ட இருக்கு, அண்ணன் என் ஜெபத்துல இருக்கான்' என்றாள். வழக்கை வாபஸ் வாங்கவில்லை. யோசேப்பும் பஞ்சத்தில் வந்த சகோதரருக்கு முதல் தடவையே தானியம் கொடுத்தான். தன்னை யாரென்று காட்டியது, பென்யமீனுக்காக யூதா தன்னையே அடிமையாகக் கொடுக்க முன்வந்த பிறகுதான்.

இந்தச் சண்டையில் எல்லாரும் மறப்பது அம்மாவை. மூன்றில் ஒரு பங்குக்காரி அவர். பாசத்தில் முழுதையும் மகனுக்கு எழுதிவிட்டுப் பின்கட்டு அறைக்குப் போனவர்கள் உண்டு. கொடுப்பதென்றால், ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையும் கவனித்துக்கொள்ளும் கடமையும் பத்திரத்திலேயே இருக்கட்டும். அப்படி எழுதியிருந்து மகன் கவனிக்காவிட்டால், 2007-ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டப்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

கையெழுத்துக் கேட்டால் ஒரு வாரம் தவணை கேளுங்கள். நகல் வாங்கி, உங்களுக்கு வேண்டிய ஒருவரிடம் கொடுத்துத் தமிழில் வாசிக்கச் சொல்லுங்கள். அண்ணன் கூட்டிவந்த எழுத்துக்காரர் வாசித்தால் போதாது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. நெய்யாற்றின்கரையிலும் குழித்துறையிலும் நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள். இரண்டு மாநிலத்திலும் நிலம் இருந்தால் பாகப்பிரிவினை வழக்கை ஏதாவது ஒரு பக்கத்தில் போட்டால் போதும். லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்த முடிவின்மேல் அப்பீல் இல்லை. அங்கேயும் வாசித்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.