பிரான்ஸ் லப்டொப்பில் டெபியன்: டேப், ஸ்பேஸ், என்டர்

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டு உறவுகள் வரும்போது அவர்களுடைய பழைய லப்டொப்புகளும் யாழ்ப்பாணம் வந்து சேரும். பிரான்ஸிலிருந்து வந்ததில் எழுத்துகளின் மேல்வரிசை ஏ, இசட், ஈ, ஆர் என்று தொடங்கும். ஜெர்மனியிலிருந்து வந்ததில் வையும் இசட்டும் இடம் மாறியிருக்கும். விண்டோஸ் நகரமறுக்கும் இந்தப் பழசுகளில் டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் இன்னும் சில வருடம் ஓடும். அதைக் கணினியில் பதிக்கும் நிரலான நிறுவியின் எழுத்துவடிவத்துக்கு மவுஸ் தேவையில்லை. ஆனால் விசைப்பலகை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

டெபியன் நிறுவி உள்ள பென்டிரைவிலிருந்து கணினியை எழுப்பியதும் வரும் பட்டியலில் முதல் வரி வரைகலை நிறுவி. கீழ் அம்புக்குறியால் ஒரு வரி இறங்கி, ‘இன்ஸ்டோல்’ என்பதில் என்டர் அடியுங்கள். இனி வரும் நீலத் திரையில் எப்போதும் ஏதோ ஒரு இடம்தான் விழித்திருக்கும். சிவப்புப் பட்டை நிற்பது அங்கேதான், அடிக்கும் விசை போய்ச் சேர்வதும் அங்கேதான். டேப் அந்தப் பட்டையை அடுத்த பகுதிக்கு நகர்த்தும். பட்டியலுக்குள் மேலும் கீழும் போக அம்புக்குறிகள். நீண்ட பட்டியலில் முதலெழுத்தை அடித்தால் அங்கே தாவும். ஸ்பேஸ் சதுர அடைப்புக்குள் உடுக்குறி (*) போடும், இன்னொருமுறை அடித்தால் எடுக்கும். என்டர் என்றால் ‘சரி, அடுத்தது’.

இந்த விசைகள் எந்த நாட்டு லப்டொப்பிலும் மாறாமல் வேலை செய்வதற்குக் காரணம் இருக்கிறது. விசைக்குமேல் அச்சடித்திருக்கும் எழுத்து கணினிக்குத் தெரியாது. எந்த இடத்து விசை அமுங்கியது என்ற எண் மட்டுமே போகிறது. லினக்ஸின் மையநிரலான கருவில் (கெர்னல்) டேப்புக்கு 15, என்டருக்கு 28, ஸ்பேஸுக்கு 57. இவை எல்லா நாட்டுப் பலகையிலும் ஒரே இடத்தில் இருப்பதால் குழப்பமில்லை. எழுத்துகளின் கதை வேறு. பிரெஞ்சுப் பலகையில் ‘ஏ’ அச்சடித்த விசை அனுப்புவது 16. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணைதான் வரைபடம்; அமெரிக்க வரைபடத்தில் 16 என்றால் ‘கியூ’.

மொழி ஆங்கிலம் என்று கொடுத்தால் நாடுகளின் பட்டியலில் இலங்கை இராது. கடைசி வரியான ‘அதர்’, பிறகு ஆசியா, பிறகு இலங்கை என்று போக வேண்டும். ஆங்கிலமும் இலங்கையும் சேர்ந்த வட்டார அமைப்பு லினக்ஸில் இல்லை, அதனால் வேறொன்றைத் தெரிவுசெய்யச் சொல்லும். இந்திய ஆங்கிலம் போதும்; நேரவலயம் கொழும்பாகவே வரும். தமிழைத் தேடி மினக்கெட வேண்டாம், அது வரைகலை நிறுவியில் மட்டும்தான் உண்டு. எழுத்துத்திரை கட்டங்களால் ஆனது. ஒரு கட்டத்துக்கு ஒரு வடிவம் என்று அடுக்கும். ‘கொ’ எழுத, க-வுக்கு முன்னும் பின்னும் குறி போடத் தெரியாது.

அடுத்து வருவது விசைப்பலகைக் கேள்வி. அமெரிக்க ஆங்கிலம் தயாராகத் தெரிவாகி நிற்கும். கொழும்பில் வாங்கிய லப்டொப் என்றால் பெரும்பாலும் அதுவே சரி. பிரான்ஸ் லப்டொப்பில் யோசிக்காமல் என்டர் அடித்தால் பிழை அங்கே தொடங்கும், ஆனால் அப்போது தெரியாது. கடவுச்சொல்லாக ‘அம்மா’வை ஏ, எம், எம், ஏ என்று அடிக்கிறீர்கள் (இவ்வளவு இலேசான சொல்லை உண்மையில் வைக்க வேண்டாம்). பதிவாவது கியூ, அரைப்புள்ளி, அரைப்புள்ளி, கியூ. திரையில் நான்கு உடுக்குறிதான் தெரியும். இரண்டாம் தடவையும் அதே விரல்கள் அதே இடங்களில் விழுவதால் இரண்டும் ஒத்துப்போகும்.

அதனால் கடவுச்சொல்லுக்கு முன் ஒருக்கால் சோதியுங்கள். இடப்பக்க ஆல்ட்டுடன் எஃப்2 அடித்தால் வேறொரு திரை வரும். வலப்பக்க ஆல்ட் பிரெஞ்சு, ஜெர்மன் பலகைகளில் வேறு வேலைக்கு உரியது. சில லப்டொப்புகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். என்டர் அடித்து, சந்தேகமான எழுத்துகளையும் குறிகளையும் தட்டிப் பாருங்கள். கன்ட்ரோல்-யூ அந்த வரியை அழிக்கும், ஆல்ட்-எஃப்1 திரும்பக் கொண்டுவரும். நிறுவல் அசையாமல் நின்றாலும் பயப்படாமல் ஆல்ட்-எஃப்4 போய்ப் பாருங்கள், நிறுவி செய்வதையெல்லாம் எழுதும் பதிவேடு அங்கே ஓடிக்கொண்டிருக்கும்.

வட்டில் மாற்றங்களை எழுதலாமா என்று கேட்கும் இடத்தில் சிவப்பு ‘நோ’வில் நிற்கும். வேண்டுமென்றே அப்படி. டேப்பால் ‘யெஸ்’ஸுக்குப் போய் என்டர் அடித்தால்தான் வட்டு அழியும். மென்பொருள் தெரிவில் இதற்கு நேர்மாறு: எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து இதற்குள் நுழைய உதவுவது) வரியில் நின்று என்டர் அடித்தால் அது தெரிவாகாது, நிறுவி அதை விட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். முதலில் ஸ்பேஸ், உடுக்குறியைக் கண்ட பிறகு என்டர்.

வரைபடப் பிழை சில கிழமை கழித்தும் வெளிப்படலாம். அதே லப்டொப்பில் அதே வரைபடம் இருக்கும்வரை விரல்கள் தானாகச் சரியாக விழும். வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக நுழையும்போதோ, வெளியே ஒரு அமெரிக்கப் பலகையைச் செருகும்போதோ ‘அம்மா’ செல்லாது. அப்போது கியூ, அரைப்புள்ளி, அரைப்புள்ளி, கியூ என்று அடித்து உள்ளே போங்கள். முதலில் விசைப்பலகை அமைப்பைத் திருத்துங்கள், கடவுச்சொல்லை அதற்குப் பிறகு மாற்றுங்கள்.