பூப்பு நீராட்டு: சொல் விளக்கம்

பெண் பருவமடைந்ததையொட்டி வீட்டார் எடுக்கும் விழாவுக்கு அழைப்பிதழில் ஒரு பெயரும் பேச்சில் வேறு பல பெயர்களும் வழங்குகின்றன. அழைப்பிதழில் பெரும்பாலும் 'பூப்புனித நீராட்டு விழா' என்று அச்சாகிறது. அதை அச்சடிக்கக் கொடுத்த வீட்டாரே நேரில் போய் அழைக்கும்போது, 'பிள்ளைக்குச் சடங்கு வச்சிருக்கோம், குடும்பத்தோட வந்திரணும்' என்பார்கள். இவை தவிர, மஞ்சள் நீராட்டு, ருது சாந்தி, திரட்டி, சாமத்தியச் சடங்கு என்று ஊருக்கும் குலத்துக்கும் ஏற்ப வேறு பெயர்களும் உண்டு. இவற்றுள் எச்சொல் எங்கிருந்து வந்தது, எது பொருளுக்குப் பொருந்துகிறது, எது பொருந்தாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை ஈண்டுக் காணலாம்.

முதலில் பூப்பு. இது மலரைக் குறிக்கும் 'பூ' என்னும் பெயர்ச்சொல்லின் நீட்சியன்று. பூத்தல் என்னும் வினையின் அடியோடு 'பு' விகுதி சேர்ந்து உண்டான தொழிற்பெயர். மூ என்பது மூப்பு என்றும், கா என்பது காப்பு என்றும், யா என்பது யாப்பு என்றும் ஆவதைப் போலவே பூ என்பது பூப்பு என்றாகிறது. பெண்ணின் உடல் முதிர்வைச் செடி பூப்பதாகக் காணும் உருவகம் இது; வடமொழியும் இதே உருவகத்தால் 'புஷ்பவதி' என்னும் சொல்லை ஆக்கிக்கொண்டது.

இச்சொல்லின் பழமைக்குத் தொல்காப்பியம் சான்று. கற்பியலில் 'பூப்பின் புறப்பாடு ஈராறு நாளும்' என்று தொடங்கும் நூற்பா, பரத்தையை நாடிப் பிரிந்த தலைவன் மனைவிக்குப் பூப்புத் தோன்றியபின் பன்னிரண்டு நாளும் அவளை விட்டு அகன்றிருத்தல் ஆகாது என விதிக்கிறது. இங்கே பேசப்படுபவள் மணமான பெண் என்பதைக் கவனிக்க வேண்டும். அதாவது தொல்காப்பியர் காலத்தில் பூப்பு என்பது மாதந்தோறும் நிகழ்வதைக் குறித்தது; முதன்முறை நிகழ்வதை மட்டும் குறிக்கும் வழக்கு 'பூப்பெய்தினாள்', 'பூப்படைந்தாள்' என்னும் தொடர்களின் வழியே பின்னர் நிலைபெற்றது. இன்றைய எழுத்து வழக்கில் இப்பொருள்கள் மூன்று சொற்களாகத் தெளிவாகப் பிரிந்துவிட்டன: முதல் உதிரப்போக்கு பூப்பெய்துதல், மாதந்தோறும் வருவது மாதவிடாய், ஆண் பெண் இருபாலார்க்கும் உடல் முதிர்வது பருவமடைதல். இப்பிரிவினை நல்லது, குழப்பாமல் காக்கத் தக்கது.

அடுத்தது நீராட்டு. நீராடுதல் தன்வினை, நீராட்டுதல் பிறவினை. பெண் தானே குளித்துக்கொள்வதன்று, பிறர் அவளைக் குளிப்பாட்டுவது என்னும் செய்தி இவ்வொரு சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. வழக்கமும் அப்படித்தான் நடக்கிறது. செய்தி தெரிந்த அன்றே அத்தை, மாமி முறையுள்ள பெண்கள் தலைக்கு நீர் ஊற்றுவார்கள். தாய்மாமன் பச்சைத் தென்னங்கீற்றால் குச்சு கட்டுவார், பெண் அதில் தனித்திருப்பாள். உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் அந்நாட்களின் உணவு. ஒன்பது, பதினொன்று, பதினாறு என அந்தந்தக் குடும்ப வழக்கப்படி நாள் எண்ணி, மஞ்சள் கலந்த நீரால் மீண்டும் நீராட்டி, தாய்மாமன் கொண்டுவந்த பட்டுச்சேலையை உடுத்தி, மாலையிட்டு மணையில் அமர்த்தி, நலங்கு வைத்து ஆலத்தி எடுப்பர். மண்டபத்துக்கு மாறிய இக்காலத்தில் குச்சு, மேடையோரம் நிற்கும் ஓலை அலங்காரமாகச் சுருங்கிவிட்டது. தாய்மாமன் சீர் மட்டும் சுருங்கவில்லை; வரிசைத் தட்டுகளின் எண்ணிக்கையில் ஊரறியப் பெருகிக்கொண்டே போகிறது.

'மஞ்சள் நீராட்டு' இவ்வழியில் பிறந்த எளிய பெயர். இதில் ஒரு சிறு இடர்ப்பாடு உண்டு. அம்மன் கோயில் திருவிழாவின் நிறைவில் ஒருவர்மேல் ஒருவர் மஞ்சள் நீர் ஊற்றி விளையாடுவதும் மஞ்சள் நீராட்டே ஆகையால், முன்பின் தொடர்பின்றி இப்பெயரை மட்டும் கேட்பவருக்கு எது என்பது விளங்காது.

இனி, அழைப்பிதழ்களில் நடுவே வந்து அமர்ந்துள்ள 'புனித' என்னும் சொல்லுக்கு வருவோம். இது தூய்மையாக்கப்பட்டது என்னும் பொருளுள்ள வடசொல். (தூய்மை செய்தல் என்னும் பொருளுள்ள அதன் வினையடியும் வடமொழியில் 'பூ' என்றே ஒலிக்கும், தமிழ்ப் 'பூ'வுக்கும் அதற்கும் உறவில்லை.) இலக்கணப்படி பார்த்தால் பூப்பு, புனித என்னும் இரண்டும் சேர்ந்தால் 'பூப்புப் புனித நீராட்டு' என்றே வர வேண்டும். 'பூப்புனித' என்பதைப் பிரித்தால் பூ, புனித என்று மட்டுமே பிரியும். அப்போது அது மலரும் புனிதமும் சேர்ந்த ஏதோ ஒரு நீராட்டாகுமேயன்றி, பூப்பெய்தியதைக் குறிக்காது. சொல்ல வந்த செய்தியைத் தாங்கிய அசையே ஓசை இனிமைக்காக விழுங்கப்பட்டுவிட்டது.

பொருளளவில் குறை இன்னும் பெரிது. நீராட்டினால் புனிதமாகிறாள் என்றால் அதற்குமுன் புனிதமற்றிருந்தாள் என்பது தானே பெறப்படும். தீட்டு என்னும் கருத்து முழுவதும் வடக்கிலிருந்து வந்தது, தமிழில் அது இருந்ததில்லை என்று சிலர் வாதிடுவதுண்டு. அவ்வாதம் நிற்காது. புறநானூற்று 299ஆம் பாட்டில், மாதவிடாய்க் காலமாதலால் முருகன் கோட்டத்தில் கலம் தொடாமல் விலகி நிற்கும் மகளிர் உவமையாக வருகின்றனர். தீட்டு என்னும் சொல்லே தீண்டுதல் என்னும் தமிழ் வினையிலிருந்து பிறந்தது. எனவே விலக்கு இங்கும் பழையதுதான். ஆனால் பூப்பு என்னும் பெயர் அவ்விலக்கைப் பேசவில்லை, மலர்ச்சியைப் பேசுகிறது. அதனோடு 'புனித' என்பதை ஒட்டும்போதுதான் பெயருக்குள்ளும் தீட்டு நுழைகிறது. 'பூப்பு நீராட்டு விழா' என்றாலே போதும். மங்கலம் தோன்றச் சொல்ல விரும்புவோர்க்குப் 'பூப்பு நன்னீராட்டு விழா' என்னும் வடிவம் இருக்கிறது. தமிழார்வமுள்ள குடும்பங்கள் அதை ஏற்கெனவே அச்சிட்டும் வருகின்றன. என் பரிந்துரையும் அதுவே.

'ருது சாந்தி'யைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இன்று அது பெரும்பாலும் பொருளறியாமல் ஆளப்படுகிறது. ருது என்பது பருவகாலம், உரிய காலம் என்னும் பொருள்களுள்ள வடசொல். அதிலிருந்து மகளிர் பூப்புக்கும் அது பெயராயிற்று. ரகரம் தமிழில் மொழிமுதல் வாராது என்பதால் பழைய நூல்கள் இருது, இருதுமதி என எழுதின. இவற்றில் சிக்கலில்லை, சிக்கல் சாந்தியில்தான் இருக்கிறது. பூப்புக்கு முன்பே மணம் முடிக்கும் வழக்கமிருந்த குடும்பங்களில், மணமான சிறுமி பூப்பெய்திய பிறகு, அவளைக் கணவனோடு சேர்த்துவைப்பதற்கு முன் செய்யப்பட்ட சடங்கே ருது சாந்தி. திருமணத்தன்று இரவுக்கு இன்றும் வழங்கும் 'சாந்தி முகூர்த்தம்' அதன் எச்சம். சாரதா சட்டம் என வழங்கிய 1929ஆம் ஆண்டின் குழந்தை மணத் தடைச் சட்டம் 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து பெண்ணின் குறைந்த மணவயதை 14 ஆக்கியது. 1978இல் அது 18 ஆக உயர்ந்தது. பூப்புக்கு முந்தைய மணம் வழக்கொழிந்ததோடு ருது சாந்திக்கு அப்பொருளில் இடமில்லாமல் போயிற்று. பன்னிரண்டு வயதுப் பள்ளிச் சிறுமியின் விழாவுக்கு அப்பெயரை இடுவோர் இவ்வரலாற்றை அறிந்தால் அச்சகத்துக்குப் போகுமுன் மாற்றிக்கொள்வர் என்றே நம்புகிறேன்.

சடங்கு என்னும் சொல்லை ஆறு உறுப்பு எனப் பொருள்படும் 'ஷடங்கம்' என்னும் வடசொல்லின் திரிபாகக் கொள்வது வழக்கம். எல்லாக் கரணங்களுக்கும் பொதுவான இச்சொல், தென்மாவட்டங்களில் அடைமொழியின்றித் தனித்து வந்தால் இவ்விழாவையே குறிக்கும். பொதுப்பெயர் சிறப்புப்பெயரான இதை மாற்ற வேண்டிய தேவை எதுவுமில்லை.

எழுத்து வழக்கைவிடப் பேச்சு வழக்கே இப்பொருளில் வளமானது. வயதுக்கு வந்தாள், பெரிய மனுஷியானாள், ஆளானாள், சமைந்தாள், திரண்டாள், பக்குவப்பட்டாள் என்னும் தொடர்களைக் கூர்ந்து நோக்கினால், அவற்றுள் ஒன்றுகூட உதிரத்தையோ தீட்டையோ சுட்டவில்லை. அனைத்தும் ஒன்றாக இருந்தது வேறொன்றாக நிறைவதையே சொல்கின்றன. சமைதல் என்பதற்கு ஆயத்தமாதல், தகுதியாதல் என்பது பொருள். அடுப்படியில் சமைத்தலும் உணவை ஆயத்தமாக்குதலே. 'சமைஞ்ச பொண்ணு' என்பதை நகைச்சுவைக்கு இழுப்பவர்கள் இவ்வுறவை அறியாதவர்கள். திரளுதல் என்பது மோரில் வெண்ணெய் திரள்வதுபோல் உருப்பெறுதல். கொங்கு வட்டாரத்துத் திரட்டியும் அவ்வடியினது. கேரளத்தில் பழைய நாளில் வழங்கிய 'திரண்டுகுளி'யும் அதுவே, குளி என்பது நீராட்டு. ஈழத்தமிழரின் 'சாமத்தியம்' சாமர்த்தியம் என்னும் வடசொல்லின் மருஉ. ஆற்றலுடையவளானாள் என்பது கருத்து. தெலுங்கின் 'சமர்த்த'வும் அதனோடு உறவுடையது.

அண்டை மொழிகளும் இதே நெறியில் செல்கின்றன. தெலுங்கில் 'பெத்த மனிஷி' ஆவதும், கன்னடத்தில் 'தொட்டவளு' ஆவதும் நம் பெரிய மனுஷியே. மலையாளத்தில் 'வயசறியிக்குக' என்றால் வயதுக்கு வந்ததை அறிவித்தல். கன்னடத்தின் 'மைநெரெ' என்பதில் மை என்பது மெய், நெரெ என்பது நிறை. மெய் நிறைந்தாள் என்று தமிழில் அப்படியே பெயர்த்துச் சொல்லலாம்.

ஆண்பிள்ளைக்கு உடல் முதிர்ச்சியைக் கொண்டாடும் பொதுவான விழா தமிழ்நாட்டில் இல்லை. 'மீசை அரும்பும் வயது' என்னும் தொடரில் அரும்புதல் என்னும் மலரின் வினை ஆணுக்கும் கிடைத்திருக்கிறது, விழாதான் கிடைக்கவில்லை. பண்டைக்காலத்தில் இளமை நீங்குவதை அணி களைந்து காட்டினர் போலும். புறநானூற்று 77ஆம் பாட்டில், காலில் கிண்கிணி களைந்து கழல் பூண்டு போருக்கு நிற்கும் பாண்டியன் நெடுஞ்செழியன் இன்னும் தாலி களையவில்லை, பால் விட்டு இன்றுதான் சோறுண்டான் என்று இடைக்குன்றூர் கிழார் வியக்கிறார். அத்தாலி, சிறுவர்க்குக் காவலாகக் கட்டப்பட்ட ஐம்படைத்தாலி. பெண்ணுக்கு மணத்தை ஒட்டிச் சிலம்பு கழித்தனர். ஐங்குறுநூறு 'சிலம்பு கழீஇ' என்று அதைக் குறிக்கிறது.

உபநயனத்தை ஆண்களின் பூப்புச் சடங்கு என்று ஒப்பிடுவோர் பலர். ஒப்புமை பொருந்தாது. உபநயனம் என்பது அருகே இட்டுச் செல்லுதல், அதாவது ஆசிரியரிடம் கொண்டு சேர்த்தல். அந்தணச் சிறுவர்க்கு எட்டாம் ஆண்டு என்று ஆண்டுக் கணக்கால் விதிக்கப்பட்டதேயன்றி உடல் மாற்றத்தால் அன்று. தமிழில் பூண், நூல் சேர்ந்து பூணூல்; விழாவுக்குப் பூணூல் கல்யாணம் என்பது நெடுநாள் வழக்கு. கல்யாணம் என்னும் வடசொல்லுக்கு மங்கலம் என்பதே முதற்பொருள் ஆதலால் காதுகுத்துக் கல்யாணம், இசுலாமியரிடையே சுன்னத்துக்கு வழங்கும் மார்க்கக் கல்யாணம் ஆகியவற்றிலும் அது பிழையின்றிப் பொருந்துகிறது. உபநயனத்துக்குத் தூய தமிழ்ப்பெயர் வேண்டுவோர் 'பூணூல் அணிவிப்பு' எனலாம்.

தெலுங்குக் குடும்பங்கள் பல, சிறுவனுக்கு முதல் வேட்டி உடுத்தும் 'பஞ்செ கட்டு' விழாவையும் சிறுமிக்கு 'ஓணி' அணிவிக்கும் விழாவையும் நடத்துகின்றன. இவற்றைத் தமிழில் வேட்டி அணிவிப்பு, தாவணி அணிவிப்பு என்று வழங்கலாம். தாவணி அணிவிப்பைப் பூப்போடு சேர்த்தும் சேர்க்காமலும் நடத்துவதுண்டு. ஆகவே அதைப் பூப்பு நீராட்டின் மறுபெயராக எழுதுவது தவறு.