டெர்மினல் காட்டும் பதிப்பு எண் எங்கிருந்து வருகிறது?

கட்டளைகளை அடிக்கும் சாளரமான டெர்மினலைத் திறந்து, பைத்தான் என்ற நிரல்மொழியின் பதிப்பைக் கேட்க 'பைத்தான் --வெர்ஷன்' என்று அடித்தால் உடனே ஓர் எண் வந்துவிடும். கணினியில் இருக்கும் பைத்தான் அதுதான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில், அந்தப் பெயருக்கு முதலில் அகப்பட்ட ஒரே ஒரு நிரலின் பதிப்புதான் அது. அதே கணினியில் வேறு இரண்டு மூன்று பைத்தான்கள் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம்.

நாம் அடிக்கும் வரியை முதலில் வாங்குவது ஷெல், அதாவது கட்டளையைப் படித்து உரிய நிரலை இயக்கும் நிரல். அதனிடம் 'பாத்' என்ற சூழல் மாறி இருக்கிறது. எந்தெந்த ஃபோல்டர்களில் நிரலைத் தேட வேண்டும் என்ற பட்டியல் அது. லினக்ஸிலும் மேக்கிலும் முக்காற்புள்ளியும், விண்டோஸில் அரைப்புள்ளியும் இந்த ஃபோல்டர்களைப் பிரிக்கும். ஷெல் பட்டியலை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து, அந்தப் பெயரில் முதல் நிரல் கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடும். இயங்கத் தொடங்கும் அந்த நிரல், தன்னை உருவாக்கியபோதே உள்ளே பதிந்துவிட்ட எண்ணை அச்சிட்டுவிட்டு முடிந்துவிடும். கணினியில் வேறு என்ன நிறுவியிருக்கிறது என்று அது தேடிப் பார்ப்பதே இல்லை.

பைத்தானின் மெய்நிகர் சூழலை, அதாவது ஒரு திட்டத்துக்கென்று தனியாக வைக்கும் பைத்தான் அமைப்பை, இயக்கியதும் எண் மாறுவதற்கும் இதுதான் காரணம். அந்தச் சூழலின் ஃபோல்டர் பட்டியலின் தலைக்கு வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

ஆகவே, எண்ணைக் கேட்டால் மட்டும் போதாது. எங்கிருந்து வருகிறது என்றும் கேட்க வேண்டும். பாஷ், ஸீஷெல் என்ற இரண்டு ஷெல்களிலும் 'டைப் -ஏ பைத்தான்' என்று கேட்டால், பாத்தில் அந்தப் பெயரில் இருக்கும் எல்லா நிரல்களும் வரிசை மாறாமல் வரும். விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்டில் இதற்கு 'வேர்' கட்டளை. விண்டோஸின் இன்னொரு ஷெல்லான பவர்ஷெல்லில் அதே சொல்லுக்கு வேறு வேலை உண்டு என்பதால், அங்கே 'வேர்.இஎக்ஸ்இ' என்று முழுப்பெயரையும் அடிக்க வேண்டும். பாஷில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒருமுறை கண்டுபிடித்த இடத்தை அது நினைவில் வைத்துக்கொள்வதால், புதிய பதிப்பை நிறுவிய பிறகும் பழையதே ஓடலாம். 'ஹாஷ் -ஆர்' அந்த நினைவை அழித்துவிடும். புதிய டெர்மினலைத் திறந்தாலும் சரி.

கேட்கும் முறையும் மொழிக்கு மொழி மாறுகிறது. கோ என்ற மொழிக்கு, சொல்லுக்கு முன்னால் போடும் சிறு கோடே (-) வேண்டாம், 'கோ வெர்ஷன்' போதும். ஜாவாஸ்கிரிப்ட்டை இயக்கும் நோடுக்கு ஒரு கோடும் சிறிய ஆங்கில 'வி'யும். பைத்தானிடம் அதே சிறிய 'வி'யைக் கொடுத்தால் இறக்குமதி விவரங்களைத் திரை முழுக்கக் கொட்டும். அங்கே பதிப்புக்குப் பெரிய 'வி'. ஜாவாவின் ஒற்றைக் கோட்டு '-வெர்ஷன்' தன் பதிலை வழக்கமான வெளியீட்டில் தராமல் பிழை வெளியீட்டில் தருகிறது. பதிலைக் கோப்புக்குத் திருப்பினால் கோப்பு காலியாக இருப்பது அதனால்தான். ஜாவா 9இல் வந்த இரட்டைக் கோட்டு வடிவம் இதைச் சரிசெய்தது, பைத்தானிலும் இருந்த இதே பழக்கம் 3.4இல் சரியானது.

எண்ணைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். 3.10 என்பது 3.9க்குப் பிந்தையது, புள்ளிக்கு இருபுறமும் தனித்தனி முழு எண்கள், தசமம் இல்லை. ஜாவா 8 தன்னை 1.8.0 என்று சொல்லிக்கொள்ளும்.

அப்புறம், டெர்மினல் தரும் பதில் டெர்மினலுக்கு மட்டும்தான் பொருந்தும். இணையச் சேவையகம், இணையதளங்களுக்கான மொழியான பிஹெச்பியின் வேறொரு பதிப்பை ஓட்டலாம், எடிட்டர் வேறொரு பைத்தானை எடுத்துக்கொள்ளலாம். அந்த இடங்களில், ஓடும் நிரலுக்குள்ளிருந்தே கேட்பதுதான் நம்பகமான வழி. பைத்தானில் 'சிஸ்.வெர்ஷன்' எண்ணையும் 'சிஸ்.எக்ஸிக்யூட்டபிள்' அந்த நிரலின் இருப்பிடத்தையும் தரும். பிஹெச்பியில் 'பிஹெச்பி வெர்ஷன்' என்ற மாறிலி இருக்கிறது.