"அவனுக்கு வராதுங்க மேடம்"

சிறப்புக் குழந்தைங்க என்னென்ன செய்வாங்கன்னு பாக்குற அசெஸ்மென்ட்டுக்கு வர்ற அம்மாக்கள்கிட்ட புள்ள தானா சாப்பிடுவானான்னு கேட்டா அடிக்கடி வர்ற பதில் இதான், "அவனுக்கு வராதுங்க மேடம், நான்தான் ஊட்டி விடுவேன்". அப்படி வந்த ஒரு ஒம்பது வயசுப் பையன், அறிவுசார் குறைபாடு, நடையில எந்தப் பிரச்சனையும் இல்ல. அம்மாவ வெளிய உக்கார வச்சுட்டு தட்டுல கொஞ்சம் சாம்பார் சாதம் போட்டு முன்னாடி வச்சேன், அஞ்சு நிமிஷம் கதவையே பாத்துட்டு இருந்தான், யாரும் வரலன்னதும் கைய வச்சான், பாதி கீழ சிந்துச்சு, கட்டைவிரல் சேராம உள்ளங்கையாலயே அள்ளினான், ஆனா சாப்பிட்டு முடிச்சான். விசாரிச்சா, காலைல ஸ்கூல் வேன் வந்துரும், சிந்தினா யூனிஃபார்ம் மாத்தணும், அதனால ஊட்டியே பழகிருச்சு. பாவம் அவங்கள குறை சொல்லவும் முடியாது.

செகந்திராபாத்ல அறிவுசார் குறைபாட்டுக்குன்னு இருக்கற தேசிய நிறுவனத்துல உருவாக்கின, புள்ளைக்கு என்னென்ன வருதுன்னு பாத்துக் குறிக்கற எஃப்ஏசிபி செக்லிஸ்ட்ல இதுக்குன்னே ஒரு குறி இருக்கு, என்.இ. அதாவது நோ எக்ஸ்போஷர், புள்ளைக்கு அதைச் செய்ய வாய்ப்பே கிடைக்கல. தானா செய்றான், சொன்னா செய்றான், கையப் பிடிச்சு உதவினா செய்றான், இதெல்லாம் தனித்தனியா குறிக்கணும். நம்ம சென்னை விஜய் ஹியூமன் சர்வீசஸ் தயாரிச்ச எம்டிபிஎஸ்ங்கற இன்னொரு செக்லிஸ்ட் எனக்கு ரொம்பப் பிடிக்கும், 18 பகுதி, பகுதிக்கு 20 வீதம் 360 திறன், சாப்பாடு குளியல்ல இருந்து காசு, நேரம் வரைக்கும் எல்லாம் இருக்கு, ஆனா அதுல செய்வான் இல்ல செய்யமாட்டான் ரெண்டே ரெண்டுதான், அதனால மார்ஜின்ல நான் பென்சில்ல எழுதி வச்சுக்குவேன்.

இன்னொரு தலைவலி மாற்றுத்திறனாளி சர்டிபிகேட். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி நிறைய சலுகைக்கு 40% ஊனம் வேணும்ங்கறதால, செய்வான்னு சொன்னா பர்சன்டேஜ் குறைஞ்சிருமோன்னு பயந்துகிட்டு எல்லாத்துக்கும் இல்லம்பாங்க. வேற சிலர் டீச்சர் என்ன நினைப்பாங்களோன்னு எல்லாத்துக்கும் செய்வான்பாங்க. சர்டிபிகேட்டுக்குப் பாக்குற இடத்துல, அன்றாட வேலைய எவ்வளவு தானா செய்றான்னு அளக்கற விஎஸ்எம்எஸ் அளவுகோலும் பெத்தவங்க வாய்ச்சொல்ல வச்சுதான் போடுறாங்க, ஆனா நான் பாக்குறது நாளைக்கு என்ன சொல்லிக் குடுக்கறதுன்னு முடிவு பண்ண, அதுக்கு உள்ளது உள்ளபடி சொன்னாதான் ஆகும்.

டாய்லெட் பத்தி யாரும் பேசறதே இல்ல. இடதுபக்கம் வலுவில்லாத ஒரு பொண்ணு, பெருமூளை வாதம், பதிமூணு வயசு. "கால் கழுவத் தெரியாது"ன்னு எழுதிருந்தாங்க. இடதுகைதான் வேலை செய்யல, சோத்துக்கையால கழுவ வீட்ல விடல, அப்புறம் எப்படிக் கழுவும்? இதுல குத்துக்கால் போட்டு உக்கார்ற டாய்லெட் வேற, பிடிச்சுக்கக் கம்பி கிடையாது. தண்ணி பீச்சுற ஹெல்த் ஃபாசெட் ஒண்ணும் சுவத்துல கம்பி ஒண்ணும் மாட்டினோம், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்ல நடுவுல ஓட்டை போட்டு மேல வச்சோம், மூணு வாரத்துல அம்மா கதவுக்கு வெளிய நிக்க ஆரம்பிச்சாங்க. இதை சென்டர்ல டேபிள்ல உக்காந்து கேள்வி கேட்டு எப்படிங்க கண்டுபிடிக்கறது?

அதனால வரும்போது ரிப்போர்ட் ஃபைலோட, புள்ள வீட்ல சாப்பிடுற தட்டு, தினமும் போடுற சட்டை ஒண்ணு, பாத்ரூம் போட்டோ, இதையும் கொண்டு வாங்க. எப்பவும் டிஷர்ட்டே போடுற பையன்கிட்ட பட்டன் போடச் சொல்லி ஃபெயில் போட எனக்கு மனசு வராது. வீடியோ எடுத்தாலும் சரிதான், ஆனா பின்னாடி நின்னு "எடு எடு, வாயில வையி"ன்னு சொல்லிட்டே எடுக்காதீங்க, அதையும் உதவின்னுதான் நான் குறிக்கணும்.