சாய்தளம்: ‘ரேம்ப்’ என்ற சொல்லுக்குத் தமிழ்

கோர்ட் படி ஏறினார். ஆஸ்பத்திரிப் படி ஏறி இறங்கியே காலம் போச்சு. இனி உன் வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன். தமிழில் ஓரிடத்துக்குப் போவதும் வருவதும் எப்போதும் படி வழியாகத்தான். சரி, படி ஏற முடியாதவர் அந்த இடங்களுக்கு எப்படிப் போவார்? அவருக்கான வழியைத்தான் நாம் ‘ரேம்ப்’ என்கிறோம்.

இச்சொல் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பழைய பிரெஞ்சில் இதன் வினைச்சொல்லுக்குத் தொற்றி ஏறுதல் என்று பொருள். இன்றைய பிரெஞ்சில் அதுவே ஊர்வதையும் தவழ்வதையும் குறிக்கிறது. சாய்ந்த பாதை என்ற பொருளில் ஆங்கிலத்தில் இது 18ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்தது. நம்மூரில் மேம்பாலத்தில் ஏறும் பாதையும் ரேம்ப், ஃபேஷன் மேடையும் ரேம்ப்.

தமிழில் சரிவுப்பாதை, சறுக்குப்பாதை, சாய்வுப்பாதை, சாய்தளம் என்று பலவிதமாக எழுதுகிறார்கள். முதல் இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. சரிவு என்றால் மண்சரிவும் பங்குச்சந்தைச் சரிவும் நினைவுக்கு வருகின்றன. சறுக்கு இன்னும் மோசம், யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்கு எது நடக்கக் கூடாதோ அதையே பெயராக வைப்பானேன்? சாய்வுப்பாதை பரவாயில்லை. ஆனால் சாய்தளம்தான் பொருத்தம். தேர்தல் நேரத்தில் வாக்குச்சாவடிகளில் ‘சாய்தள வசதி’ என்ற சொல்லைப் பலரும் கேட்டிருப்போம். ‘தளம் போட்டாச்சா?’ என்று கொத்தனார் கேட்கும் அதே தளம்தான் இது, கட்டடத்தின் ஓர் அங்கம். சுடுசோறு, ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை. அதனால் ‘சாய்த்தளம்’ என்று ‘த்’ போட வேண்டியதில்லை. ‘சாய்வுத்தளம்’ என்றால் போடலாம்.

சாய்தளத்துக்கு ஒரு கணக்கு உண்டு, 1:12. ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். அரையடிப் படிகள் மூன்று இருந்தால் உயரம் ஒன்றரை அடி, நீளம் 18 அடி. பைக் ஏற்ற வாசலில் சிமென்ட் பூசிவிடுகிறோமே, அது சாய்தளம் ஆகாது.

எங்கள் அத்தையைச் சக்கர நாற்காலியில் வைத்து ஒரு வங்கிக்கு அழைத்துப் போனேன். அங்கே மூன்று படிகளுக்குப் பக்கத்தில் ஐந்தடி நீளத்தில் ஒரு மேடு. தம்பியும் நானும் சேர்ந்து தள்ளியும் முன்சக்கரம் அந்தரத்தில் தூக்கியது. திரும்பும்போது அத்தை கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, “பின்பக்கமா இறக்குங்கடா, முன்னாடி விழுந்துருவேன்” என்றார். அப்புறம் அவர் வங்கிக்கு வரவே இல்லை. “நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன், நீங்களே போய்ட்டு வாங்க” என்று சொல்லிவிட்டார். ஊரில் எல்லாரையும் பேர் சொல்லி விசாரிக்கிற மனுஷி அவர். அவரை வீட்டுக்குள் உட்கார வைத்தது காலில் இருந்த குறை என்று நான் நம்பவில்லை. அந்த ஐந்தடி சிமென்ட்தான் உட்கார வைத்தது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை எல்லாரும் பயன்படுத்தும்படி மாற்ற, விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்தாண்டு கெடு தந்தது. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022இலேயே முடிந்துவிட்டது. இத்தகைய அளவுகளை வெறும் பரிந்துரையாக விட்டுவைக்க முடியாது, கட்டாய விதிகளாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆகவே மனு எழுதும்போது ‘ரேம்ப் வசதி வேண்டும்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். பைக் மேட்டைக் காட்டி ‘இருக்கிறதே’ என்று பதில் வந்துவிடும். ‘1:12 அளவில் சாய்தளம், இருபுறமும் கைப்பிடி, மேலே நாற்காலி நின்று திரும்பச் சமதளம்’ என்று எழுதுங்கள்.